ஒன்றரை அங்குலம்

“போடச் சொன்னதைப் போடத்தானே பட்டறை வெச்சிருக்கீங்க? இல்ல, பாடம் நடத்தவா?”

மஞ்சள் கார்க்காரன் போட்ட சத்தத்தில் பக்கத்துத் தையற்கடையில் மெஷின் நின்றது. தைக்கிற அக்காவுக்குக் காது கொஞ்சம் நீளம். எங்கள் தெருவில் அது ஒரு குறையே இல்லை.

“பட்டறைதான் சார். பொம்மைக் கடை இல்லை,” என்றார் மெக்கானிக், லிப்டில் தூக்கி நிறுத்தியிருந்த காருக்கு அடியிலிருந்து வெளியே வராமலே.

விஷயம் இவ்வளவுதான். அந்த ஸ்போர்ட்ஸ் கார் தரையை ஒட்டி நிற்க வேண்டுமாம். லோயரிங் ஸ்பிரிங் மாட்டினால் ஒன்றரை அங்குலம் இறங்கி அங்கேயே நிற்கும், அதற்கு மேல் யார் சொன்னாலும் கேட்காது.

காயிலோவர் அப்படி இல்லை. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஒரே உருப்படி அது. திருகத் திருகக் கார் இறங்கும், குமிழைத் திருப்பினால் இன்னும் விறைக்கும்.

கார்க்காரன் காயிலோவர் என்றான், மெக்கானிக் ஸ்பிரிங் என்றார். அரை மணி நேரமாக இதே பாட்டு.

“காயிலோவர் நல்ல சாமான்தான், திருகத் தெரிஞ்சவன் கையில இருந்தா. நீங்க ஞாயித்துக்கிழமை தவறாம திருகுவீங்க. டயர் மட்கார்டுல உரசும். ஒரு வேகத்தடை ஏறினா முதுகெலும்பு வந்து பல்லுல இடிக்கும்.”

“என் முதுகு, என் பல்லு.”

“அப்போ ஒரு டாக்டர் நம்பரையும் எழுதி வெச்சுக்குங்க.”

வாய்க்கொழுப்பு என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் இது தன் வயிற்றில் தானே அடித்துக்கொள்கிற கொழுப்பு. இந்தக் கார்க்காரன் கைகாட்டுகிற பட்டறைக்குப் போக ஒரு பெரிய கார்க் கூட்டமே இருந்தது, மெக்கானிக்கின் பாதிப் பிழைப்பு அந்தக் கூட்டம்தான்.

எதிர்வரிசையில் புதிதாகப் பட்டறை திறந்தவன் வேறு, ஷட்டரை அரைகுறையாகத் தூக்கிவிட்டு, பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தவன் மாதிரி காத்திருந்தான்.

அப்படியும் மனிதர் ஏன் இறங்கிவரவில்லை? பொறாமை என்று தெரு எப்போதோ முடிவு கட்டியிருந்தது. ஆறு மாதமாக அந்த மஞ்சள் கார் தெருமுனையில் வந்து நின்றுபோகும் போதெல்லாம், இவர் கையில் இருக்கிற ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு அதையே முறைப்பார். சொந்தமாக இவருக்கு இருப்பது ஒரு ஸ்கூட்டர், அதுவும் நாலு உதை வாங்கினால்தான் கிளம்பும்.

“சரி, எடையைச் சொல்லுங்க,” என்று ஜாப் கார்டை எடுத்தார். எந்தச் சாமானை மாட்டினாலும் உட்காருகிறவர்களின் எடையைக் குறித்துக்கொண்டுதான் உயரம் வைப்பார். தொழிலில் அப்படி ஒரு சுத்தம்.

“எழுபத்தெட்டு,” என்றான் அவன், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஓட்டுகிறவருக்கு எழுபத்தெட்டு என்று எழுதினார். பக்கத்தில் உட்காருகிறவருக்கு ஐம்பத்திரண்டு என்று எழுதினார். அதற்குக் கீழே ‘ஸ்பிரிங்’ என்று எழுதி, அடிக்கோடும் போட்டார்.

அடிக்கோடுதான் அவனுக்குத் தாங்கவில்லை. கார்டைப் பிடுங்கினான்.

“காரை இறக்குங்க. எதிர்க்கடையில கேள்வி கேக்காம மாட்டுவான். எங்க ஆளுங்க ஒருத்தன்கூட இனிமே இந்த வாசல்ல கால் வைக்க மாட்டான். நீங்க உக்காந்து ஈ ஓட்டுங்க.”

“ஓட்டுறேன். ஈயாவது சொன்னா கேக்கும்.”

எதிர்க்கடை ஷட்டர் இன்னும் ஒரு முழம் ஏறியது.

“யோவ், கார் என்னுது. கல்லு மாதிரி இருந்தாலும் அதுல உக்காரப் போறது நான். உனக்கு எங்க வலிக்குது?”

‘நீங்க’ போய் ‘நீ’ வந்துவிட்டது. அடுத்தது கைதான் என்று மருந்துக்கடைக்காரர் கல்லாவை விட்டு இறங்கியே வந்துவிட்டார்.

மெக்கானிக் அழுக்குத் துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். கார்க்காரனுக்குப் பக்கத்தில் போனார். குரலைத் தாழ்த்தி ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

அவ்வளவுதான். பிடுங்கிய கார்டை அவன் இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தான். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான்.

“ஸ்பிரிங்கே போட்டுடுங்க... சார்.”

எதிர்க்கடை ஷட்டர் சத்தமில்லாமல் கீழே இறங்கியது.

அன்றைக்கெல்லாம் தெருவுக்கு வேறு வேலை ஓடவில்லை. அவன்மேல் ஏதோ பழைய போலீஸ் கேஸ் இருக்கிறது, மெக்கானிக்குக்கு அது தெரியும் என்றார் மருந்துக்கடைக்காரர். பிரேக்கைக் கழற்றிவிடுவேன் என்று மிரட்டியிருப்பார் என்றது இன்னொரு கட்சி. சுவரில் காதை ஒட்டவைத்திருந்த தையற்கடை அக்கா மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவளுக்கு உடம்பு சரியில்லையோ என்றுகூடச் சிலர் விசாரித்தார்கள்.

நாலு மாதத்தில் கார்க்காரனுக்குக் கல்யாணம் ஆயிற்று. அடுத்த வாரமே, அதே மஞ்சள் காரில், அந்த ஒன்றரை அங்குல இறக்கத்தோடு வேறு ஊருக்குக் குடிபோய்விட்டான்.

கல்யாணப் பந்தலில்தான் அக்கா மனசு வைத்தாள். மணமேடையில் நின்றவர்களைப் பார்த்துக்கொண்டே, அன்றைக்கு மெக்கானிக் சொன்னதை அதே தாழ்ந்த குரலில் சொன்னாள்:

“பக்கத்து சீட்டுல உக்கார்றது என் பொண்ணு.”