மூன்று வயது முதல் ஆறு வயது வரை

மடிக்கணினியில் பாண்டாக் கரடி கையசைத்து விடைபெற்றது. நஃபீசாவும் கையசைத்தாள்.

அழைப்பு வர இன்னும் கால் மணி நேரம் இருந்தது.

கணவர் அப்துல் அஜீஸ் மின்விசிறியை நிறுத்தினார். தெருச் சத்தம் உள்ளே வரக்கூடாது என்று வாசல் கதவையும் சாத்தினார். மகள் லத்தீஃபா, பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த அந்த மடிக்கணினியை நாலு புத்தகத்தின் மேல் தூக்கி வைத்து, அம்மாவின் முகம் சரியாகத் தெரிகிறதா என்று பார்த்தாள். எந்தச் சேலை கட்டுவது என்பதிலேயே காலை போயிருந்தது. கடைசியில் பெருநாளுக்கு எடுத்த பச்சைச் சேலை.

நஃபீசாவுக்கு ஐம்பத்தைந்து வயது. ஏழு மாதமாக அவளுக்குச் சீனம் சொல்லிக்கொடுத்தது இந்தக் கரடிதான். குழந்தைகளுக்கான நிகழ்ச்சி. கரடி பல் தேய்க்கும், வாத்து எண்ணும், மழையில் நனைந்து தும்மும். எதையும் மூன்று முறை சொல்லும். கூத்தாநல்லூரில் அந்தத் தெருவில் மீன்காரரின் குரலோடு சேர்த்துச் சீனப் பாட்டும் கேட்கத் தொடங்கியிருந்தது.

சிங்கப்பூரிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் பயிற்சிப் புத்தகம் கொண்டுவந்து கொடுத்தார். மூன்று வயது முதல் ஆறு வயது வரை என்று அட்டையில் போட்டிருந்தது. புள்ளிகளைச் சேர்த்தால் முயல் வரும். கட்டத்துக்குள் வரிசைப்படி கோடு இழுத்தால் எழுத்து வரும். அவள் ஒரு பக்கத்தையும் விடவில்லை. கலர் பென்சில் வாங்கப் போன இடத்தில் கடைக்காரர், பேரப்பிள்ளைக்கா என்று கேட்டார். தலையாட்டிவிட்டு வந்தாள்.

மா என்கிற ஓசையில்தான் இடறிக்கொண்டே இருந்தாள். அவளுக்குத் தெரிந்த மா நிலத்தை அளக்கிற மா. சீனத்தில் அதையே மேலே நிறுத்தி ஒரே சீராக நீட்டினால் அம்மா. இறக்கி ஏற்றினால் குதிரை. வெட்டிச் சொன்னால் திட்டு. அவள் அம்மா என்றுதான் தொடங்குவாள். குரல் பாதியில் இறங்கிக் குதிரையாகிவிடும். லத்தீஃபா சிரிப்பை அடக்கிக்கொள்வாள்.

பன்னிரண்டு மா நஞ்சை போன வருஷம் கையை விட்டுப் போயிருந்தது. வெண்ணாற்றுப் பாசனம். அவளுடைய அத்தா மீரா உசேன் மலேயாவில் கடை வைத்துச் சம்பாதித்து வாங்கிய வயல். அவர் மௌத்தாகி அடக்கம் முடிந்ததும் அவருடைய அண்ணன் மகன் அப்துல் மஜீது வழக்குப் போட்டார். பதினாலு வருஷம் நடந்தது. கோட்டையில் ஆட்சி மாறி மாறி வந்தது. இங்கே வாய்தா மேல் வாய்தா வந்தது. கடைசியில் மஜீது தன் வீட்டுப் பெட்டியில் கிடைத்ததாக ஒரு பழைய தாளைக் கொண்டுவந்து தாக்கல் செய்தார். அத்தோடு வழக்கு முடிந்தது.

குத்தகைக்குச் சாகுபடி செய்த மருதையன் வரப்பில் நின்று அழுதார். அவள் அழவில்லை. அந்தத் தாளுக்கு ஒரு நகல் வாங்கித் தரும்படி வக்கீலிடம் கேட்டாள். எதிராளி போட்ட காகிதம் உங்களுக்கு எதற்கு என்று அவர் விசித்திரமாகப் பார்த்தார். அன்று வீட்டுக்கு வந்து அலமாரிக் கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றாள். அப்துல் அஜீஸ் டீ போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

மடிக்கணினி மணியடித்தது.

"பயப்படாதீங்கம்மா, நான் பக்கத்துலதான் இருக்கேன்," என்றாள் லத்தீஃபா.

திரையில் முதலில் ஒரு காது மட்டும் தெரிந்தது. யாரோ ஒருவரின் கை வந்து கேமராவைத் திருப்பியது. வெள்ளை முடியைக் காதோரம் ஒதுக்கிய ஒரு முகம் வந்து நின்றது.

அப்துல் அஜீஸ் திரையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். அதே சின்னக் கண்கள். அதே மேடிட்ட கன்னம். இன்னும் இருபது வருஷத்தில் நஃபீசா எப்படி இருப்பாளோ அப்படி.

அந்தத் தாளில் இருந்தது இதுதான். ஈப்போவில் கடை வைத்திருக்கும் மீரா உசேன், பிள்ளையில்லாதவர், பிறந்து நாற்பது நாளான ஒரு சீனப் பெண் குழந்தையை வளர்க்கப் பெற்றுக்கொண்டார். பெற்றவளின் பெயர் மூன்று சீன எழுத்தில். அருகில் பெருவிரல் ரேகை. அதைக் காட்டித்தான் அவள் மீரா உசேனின் ரத்தம் இல்லை என்று மஜீது நிரூபித்தார். வளர்ப்புப் பிள்ளைக்கு ஷரியத்தில் சொத்துரிமை கிடையாது. அத்தாவும் அம்மாவும் கடைசிவரை சொல்லாததை அவள் கோர்ட்டில்தான் தெரிந்துகொண்டாள். பயிற்சிப் புத்தகம் வந்ததும் முதலில் எழுதிப் பழகியது அந்த மூன்று எழுத்தைத்தான். ஈப்போவில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் அதே மூன்று எழுத்தை வைத்துக்கொண்டு நாலு மாதம் தேடினார்.

சொல்வதற்கு மனப்பாடம் செய்த வாக்கியங்கள் இருந்தன. நான் நன்றாக வளர்ந்தேன். என் வீட்டுக்காரர் நல்லவர். நீங்கள் கொடுத்ததில் எனக்கு வருத்தம் இல்லை.



ஆனால் வாய் திறந்தபோது, நிகழ்ச்சி தொடங்கும்போது கரடி தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் வரிதான் வந்தது. கரடியின் பெயருக்குப் பதில் தன் பெயரைச் சொன்னாள். மீதியை மாற்ற மறந்துவிட்டாள்.

என் பெயர் நஃபீசா, எனக்கு ஐந்து வயது என்றாள் சீனத்தில்.

லத்தீஃபா வாயைப் பொத்திக்கொண்டாள்.

திரையில் இருந்த முகத்தில் கண்கள் நிறைந்தன. அந்த அம்மாள் திரைக்கு மிகவும் பக்கத்தில் வந்தாள். ஐந்து வயதுப் பிள்ளையிடம் பேசுவதுபோல, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

அது நஃபீசாவுக்குப் புரிந்தது.

காலையில் நாலு இடியாப்பம் சாப்பிட்டிருந்தவள், இல்லை என்று தலையாட்டினாள்.