வெள்ளை பெல்ட்டு மாஸ்டர்

"உங்க மாஸ்டர் டூப்பு, சாம்ராஜண்ணா! தேவராணை, என் கண்ணால பாத்தேன்!"

ஞாயித்துக்கிழமை பெங்களூர் ரயில்ல இருந்து எறங்கின மஞ்சுநாத்து, சொந்த வூட்டுக்குக் கூட போகல. நேரா வந்து சாம்ராஜு வூட்டுக் கதவைத் தட்டிட்டான். சேதியை சூட்டோட எறக்கி வெக்கலன்னா அவனுக்கு சோறு செரிக்காது.

"இன்னாடா பாத்த?"

"நம்ம கராத்தே வேந்தன் மாஸ்டர் கீறாரே, அவரைத்தான். கன்டோன்மென்ட் பக்கத்துல ஒரு ஹாலு. கடைசி லைன்ல நிக்கறாரு. இடுப்புல வெள்ளை பெல்ட்டு! நண்டு சிண்டெல்லாம் புடிச்சுத் தூக்கிப் போடுது. பொத்துனு வுழறாரு. எழுந்து ஒரு கும்புடு போடறாரு. மறுபடி பொத்து!"

சாம்ராஜுக்குக் காது ரெண்டும் சூடாச்சு.

இங்க நம்ம ஸ்கெலட்டன் ஏரியாவுல கறுப்பு பெல்ட்டு, அங்க போனா வெள்ளை பெல்ட்டா? ஃபோர்மேன்னு சொல்லிக்கினு திரிஞ்சவன், அடுத்த ஷாஃப்ட்டுல போய் மண்ணு வண்டி தள்ளினா இன்னா அர்த்தம்? ஃபோர்மேன்னு சொன்னதே பொய்னு அர்த்தம்!

வேற நேரமா இருந்தா சாம்ராஜு சிரிச்சுட்டுப் போயிருப்பான். ஆனா அவன் வேலை செஞ்ச தங்க மைன்ஸ் மூடி மூணு மாசம் ஆச்சு. அடுப்பு எரியணும்னா, வர்ற புதன்கிழமை அவன் பொண்ணு வின்னி பெங்களூருக்கு வேலைக்குப் போயே ஆவணும். இருட்டோட ரயில் ஏறி, இருட்டினப்புறம் எறங்கணும்.

வின்னிக்கு சின்ன வயசுல போலியோ வந்து இடது கால் சூம்பிப்போச்சு. எவனாச்சும் கையைப் புடிச்சா ஓடக்கூட முடியாதேன்னு சாம்ராஜு படுத்தா தூக்கமில்ல.

"எனக்குத்தான் மாஸ்டர் கராத்தே சொல்லிக்குடுத்திருக்காரே நைனா!"

அவ சொன்ன அந்த ஒரு வார்த்தைக்குத்தான், 'சரி, போ'ன்னு அரை மனசா தலையாட்டி வெச்சிருந்தான்.

இப்ப மாஸ்டரே டூப்புன்னா?

மறுநா சாயங்காலம் பொண்ணை இழுத்துக்கினு கிளம்பிட்டான். மஞ்சுநாத்து வுடுவானா? ஓசியில சண்டை பாக்கறதுன்னா அவனுக்கு பிரியாணி மாதிரி. பின்னாடியே வந்தான்.

"அவர் அப்படிப்பட்டவர் இல்ல நைனா..."

"வாயை மூடு! உன் வேலையும் வேணாம், வெண்டைக்காயும் வேணாம். மொதல்ல அந்தாளைக் கேட்டுட்டு வரலாம்."

புத்தர் கோயிலுக்குப் பின்னாடி ஹால்ல கிளாஸ் நடந்துகினு இருந்துச்சு. சாம்ராஜு செருப்பைக் கூட கழட்டல.

"யோவ் மாஸ்டர்! நேத்து எங்கய்யா போன?"

வேந்தன் மூஞ்சி சுண்டிப்போச்சு. "பெங்களூருக்குண்ணா."

"இடுப்புல இன்னா கலரு?"

"...வெள்ளை."

கிளாஸே வாயைப் பொளந்துச்சு. மஞ்சுநாத்து, 'எப்படி?'ன்னு எல்லார் மூஞ்சியையும் ஒரு ரவுண்டு பாத்தான்.

"என் பொண்ணு உன்னை நம்பித்தான்யா ரயில் ஏறப்போறா! எவன்கிட்டயாச்சும் மாட்டிக்கினா நீ வருவியா?"

"அது ஜூடோண்ணா, வேற வித்தை. புதுசா ஒண்ணு கத்துக்கப் போனா, கறுப்பு பெல்ட்டைக் கழட்டி பையில வெச்சுட்டு, வெள்ளை கட்டிக்கினு கடைசி லைன்ல நிக்கணும். எவ்ளோ பெரிய ஆளா இருந்தாலும் அதான் முறை."

"கறுப்பு பெல்ட்டு வாங்கினவனுக்கு இன்னும் இன்னாய்யா படிப்பு? யாருக்கிட்ட வுடற கதை?"

சாம்ராஜு வேந்தன் சட்டையைப் புடிச்சு, ஓரமா கெடந்த மெத்தை பக்கம் தள்ளிக்கினு போயிட்டான். வின்னி நொண்டிக்கினே ஓடிவந்து நடுவுல நின்னா.

"நைனா, வேணாம்!"

"தள்ளுடி!"

கையை ஓங்கிக்கினு மாஸ்டர் மேல பாய்ஞ்சான். வின்னி ஒரு கையால அவன் சட்டைக் கையைப் புடிச்சா, ஒரு கையால காலரைப் புடிச்சா. உதைக்கல, கத்தல. சட்டுனு கீழ உக்காந்து பின்னால சாஞ்சா. அவ்ளோதான்.

ஆளுங்களை மைன்ஸுக்குள்ள எறக்கற கேஜு ஸ்பீடா போறப்ப வயித்துல ஜிலீர்ங்குமே, அது மாதிரி ஆச்சு சாம்ராஜுக்கு. பொண்ணு தலைக்கு மேல பறந்து போய், தேங்கா நாரு அடைச்ச சாக்கு மெத்தையில மல்லாக்க வுழுந்தான். தலை இடிக்கல. ஏன்னா, அவன் சட்டைக் கையை வின்னி கடைசி வரைக்கும் வுடாம மேல தூக்கிப் புடிச்சிருந்தா.

"நைனா! அடி பட்டுச்சா?"

"அடி கெடக்கட்டும்... கால் தூக்கவே இல்லியே, இன்னாடி பண்ண?"

"இதுக்குக் கால் வேணாம் நைனா. வர்றவன் வேகமே போதும்."

சாம்ராஜு மோட்டுவளையைப் பாத்துக்கினு அப்படியே கெடந்தான். திடீர்னு வயிறு குலுங்கச் சிரிச்சான். கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சான். மூணு மாசமா நெஞ்சு மேல உக்காந்திருந்த பாறை எறங்கிப் போச்சு.

"புதன்கிழமை போம்மா வின்னி, தாராளமா போ! உன் கையைப் புடிக்கறவனுக்குத்தான் இனிமே நான் சாமி கும்புடணும்!"

மஞ்சுநாத்து செருப்பைத் தேட ஆரம்பிச்சான்.

வேந்தன் கை குடுத்துத் தூக்கி வுட்டான். சாம்ராஜு முதுகைத் தேய்ச்சுக்கினே கேட்டான்.

"மன்னிச்சுடு மாஸ்டர், தப்பா நெனச்சுட்டேன். ஆனாலும் இந்த வயசுல, பொடிசுங்ககிட்ட போய் வுழுந்து எழுந்துக்கினு... உனக்குத் தெரிஞ்ச கராத்தே போதாதா?"

வேந்தன் கொரலை எறக்கினான்.

"அதுல முக்காவாசிக்கு ரெண்டு காலும் நல்லா இருக்கணும்ணா. மிச்சத்தைக் கத்து முடிச்ச வின்னிக்குச் சொல்லிக்குடுக்க என்கிட்ட ஒண்ணும் இல்லாம போச்சு. அதான் நானே போய் வுழறேன்."