அடுத்த படம்

விமான எஞ்சினின் எரிபொருள் தூவியிலிருந்து பீறிட்ட இழை ஒன்று திரையில் உறைந்து நின்றது. நடுவே ஒடுங்கி, நுனியில் பருத்து, துளியாவதற்குச் சற்று முன்னால் கேமராவிடம் அகப்பட்டிருந்தது. ஒடுங்கிய இடத்தில் அறுந்து இரண்டு துளியாகும் என்றது இன்பராஜின் கணினிக் கணக்கு. அறாது, சுருண்டு ஒரே துளியாகும் என்றாள் சோதனைக்கூடத்தில் அளவெடுக்கும் நப்பின்னை. வருடக்கணக்கான சண்டை. அடுத்த படத்தில் தெரிந்துவிடும். ஒருவருடைய உழைப்பு வீணாகும்.

அவள் விரல் அடுத்த படத்துக்கான பொத்தானுக்குப் போனது.

"மேடம், டீ குடிச்சிட்டு வந்து பாப்போமா?"

"பயமா இன்பராஜ்?"

"உங்களுக்கு இல்லையா?"

அவள் சிரித்துவிட்டாள். கேன்டீனில் முதன்முறையாக எரிபொருளைத் தவிர எல்லாவற்றையும் பேசினார்கள். திரும்பும்போது இருவருமே கொஞ்சம் வேகமாக நடந்தார்கள். யாராவது அழுத்தியிருந்தால்?

இழை அப்படியே இருந்தது. அறவும் இல்லை, சுருளவும் இல்லை. நப்பின்னை உட்கார்ந்து விரலைப் பொத்தான்மேல் வைத்தாள்.

"அந்தக் கீரைவடை சுமார்தான், இல்ல?" என்றாள்.

"இன்னொண்ணு சாப்பிட்டுப் பாத்தாத்தான் உறுதியா சொல்ல முடியும் மேடம்."

அவள் எழுந்தாள். இந்தமுறை அறையைப் பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டாள்.