அரை மணிக்கு ஒரு தரம்

"இப்பவே சொல்லிடறேன் மாஸ்டர். எனக்கு மனசு கேக்கல."

"வாயை மூடுங்க தம்பி. அவ கரையில கால் வைக்கிற வரைக்கும் யாரும் மூச்சு விடக் கூடாது."

படகின் ஓரத்தில், நீச்சல் மாஸ்டரோடு, கணவன் போனைப் பிடித்தபடி நின்றான். பக்கத்தில், ஐந்தடி தள்ளி, அவன் மனைவி நீந்திக்கொண்டிருந்தாள். காலை ஆறு மணிக்கு எதிர்க்கரையில் இறங்கியவள். இப்போது மணி பதினொன்றே கால்.

போனில் பேசியது அவளுடைய தம்பி. ஆஸ்பத்திரியிலிருந்து. "அத்தான், அப்பா போயிட்டாரு" என்றான். எப்போது, எப்படி என்று கேட்டதற்கு அழுகைதான் பதில். "அக்காகிட்ட இப்ப சொல்லிடாதீங்க" என்று மட்டும் தெளிவாகச் சொன்னான்.

பத்தொன்பது வருஷத்தில் ஆறு ஜலசந்திகளை நீந்திக் கடந்தவள் அவள். இது ஏழாவது. இதோடு சரி, இனிமேல் கடலில் இறங்குவதில்லை என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தாள். முதல் ஆறுக்கும் படகில் நின்று, நீளக் கோலின் முனையில் கோப்பையை மாட்டி அவளுக்கு நீட்டியவர் அப்பாதான். இந்தத் தடவை நெஞ்சுவலியில் படுத்துவிட்டார். "நான் படுத்தா கடலும் படுத்துக்குமா? போய் முடிச்சிட்டு வா" என்று அவளை விரட்டியதும் அவர்தான்.

"பெத்த அப்பன் செத்தது தெரியாம ஒரு பொண்ணு நீந்தறது பாவம் இல்லையா மாஸ்டர்?"

"பாவம்தான். ஆனா பாதிக்கு மேல தாண்டிட்டா. இப்ப சொன்னா கை ஓடாது. நின்னா குளிர்ல உடம்பு விறைச்சிடும். நாம ஒரு விரல் பட்டுத் தூக்கினாலும் இந்த நீச்சல் செல்லாது. பத்தொன்பது வருஷ உழைப்பும் கடல்ல கரைச்ச பெருங்காயம்தான்."

மாஸ்டர் ஒன்றும் கல்நெஞ்சக்காரர் இல்லை. கடல் நீச்சலில் அதுதான் வழக்கம். தண்ணீரில் இருப்பவரிடம் கெட்ட செய்தி சொல்வதில்லை. கரை இன்னும் எவ்வளவு தூரம் என்றுகூடச் சொல்வதில்லை. வீடே தீப்பிடித்தாலும் படகில் இருப்பவர்கள் சிரித்த முகமாக நிற்க வேண்டும். மற்றவர்களுக்குத் துணையாகப் படகில் போனபோது அவளும் அப்படிச் சிரித்து நின்றவள்தான்.

அரை மணிக்கு ஒரு தரம் அவளுக்கு ஆகாரம். பதினொன்றரைக்கு மாஸ்டர் விசில் அடித்தார். அவள் நீந்துவதை நிறுத்தி மிதந்தாள். கணவன் கோலை நீட்டினான். அவள் கோப்பையை எடுத்து ஒரு வாய் கஞ்சி குடித்தாள்.

"அப்பா எப்படிங்க இருக்கார்?"

காலையிலிருந்து ஒவ்வொரு தடவையும் கேட்கிற கேள்விதான். இதுவரை பதில் சொல்வதில் அவனுக்குக் கஷ்டம் இருக்கவில்லை.

"நல்லா இருக்கார்மா."

"சாப்பிட்டாரா?"

"ம்... ரெண்டு வாய் சாப்பிட்டாராம்."

"என்னைக் கேட்டாரா?"

மாஸ்டர் முந்திக்கொண்டார். "கேட்டார், கேட்டார். 'நீந்தறாளா, இல்ல அங்கயும் வாயடிச்சிக்கிட்டிருக்காளா'ன்னு கேட்டார். போ, போ!"

அவள் சிரித்தாள். கோப்பையை விட்டுவிட்டுக் குப்புறப் புரண்டு நீந்தினாள்.

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். இங்கே போஜனம் கொடுக்கிறவனே பொய் சொல்ல வேண்டியிருந்தது. பன்னிரண்டு மணிக்கு அப்பா பேப்பர் படித்தார். ஒரு மணிக்கு நர்ஸோடு சண்டை போட்டார். இரண்டரைக்கு எழுந்து ஜன்னலோரம் உட்கார்ந்தார். செத்த மனிதர் அரை மணிக்கு ஒரு தரம் தேறிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு பொய்க்கும் பிறகு கணவன் படகின் மறுபக்கம் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். மாமனார் என்றாலும் அவனுக்கும் அவர் அப்பாதான்.

நாலு மணிக்குக் கரை தெரிந்தது. கேமராக்களோடு ஒரு சின்னக் கூட்டம் நின்றது. கடைசி ஒரு கிலோமீட்டரில் வேகம் எடுப்பவள் என்று பெயர் வாங்கியவள் அவள். இன்று என்னவோ கை தளர்ந்தது. கரைக்கு இருநூறு மீட்டர் இருக்கும்போது நின்றேவிட்டாள்.

"குடிக்க ஏதாவது கொடுங்க."

"அடி, இதோ கரை! அங்க போய்க் குடி!" என்று மாஸ்டர் கத்தினார்.

"ஒரு வாய் மாஸ்டர்."

கணவன் கோலை நீட்டினான்.

"அப்பா எப்படி இருக்கார்?"

"நல்லா இருக்கார்மா" என்றான். "உனக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கார்."

அவள் அவன் முகத்தையே பார்த்தபடி, சொட்டுச் சொட்டாகக் குடித்தாள். நூறு மீட்டரில் மறுபடியும் நின்றாள். மறுபடியும் அதே கேள்வி.

"குளிர்ல புத்தி தடுமாறுது" என்று மாஸ்டர் பயந்துபோனார். "விடாதீங்க தம்பி, பேசிப் பேசியே கரைக்குத் தள்ளுங்க."

ஐந்து நிமிஷ தூரத்தைக் கடக்க அவளுக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. கடைசியில் தள்ளாடி எழுந்து நடந்து, ஈரம் படாத மணலில் கால் வைத்தாள். கண்காணிப்பாளர் நேரத்தைக் குறித்துக்கொண்டார். கரையில் கைதட்டினார்கள்.

கணவன் படகிலிருந்து குதித்து ஓடிவந்து, துண்டைப் போர்த்தி அவளை அணைத்துக்கொண்டான். பின்னாலேயே வந்த மாஸ்டர், சொல்லிவிடும்படி அவனுக்குக் கண்ஜாடை காட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அவன் வாயைத் திறந்தான்.

"எப்ப எடுக்கறாங்களாம்?" என்று அவளே கேட்டாள்.

மாஸ்டர் சட்டென்று தலையை நிமிர்த்தினார்.

"தம்பி விடியக்காலையிலயே, நான் தண்ணியில இறங்கறதுக்கு முன்னாடியே, எனக்குச் சொல்லிட்டான். முன்னாடியே தெரிஞ்சா நீங்க என்னை இறங்க விட மாட்டீங்க. பாதி தாண்டின பிறகு, பதினொரு மணிக்கு மேல உங்களுக்கு போன் பண்ணுன்னு சொன்னதே நான்தாங்க" என்றாள் அவள், குளிரில் பற்கள் தந்தியடிக்க. "நான் தண்ணியில இருக்கற வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் அவரைச் சாக விட மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்."