கூரை ஒழுகுகிறது

எர்னஸ்டீன் டாலிவர் என் மேசைமேல் வைத்தது ஒப்பந்தத்தை அல்ல, கைபேசியை.

ஒப்பந்தத்தை நான் ஏற்கெனவே மூன்று முறை படித்துவிட்டேன். இலவசச் சட்ட உதவி வக்கீலுக்கு இதுபோன்ற பொறிகளைப் பிரித்துப் பார்ப்பதுதான் பொழுதுபோக்கு.

பொறி எளிமையானது. வங்கி கடன் தராத ஆளுக்கு, வீட்டை விற்பவரே தவணையில் விற்பார். கடைசித் தவணை வரை வீடு அவர் பெயரிலேயே இருக்கும். ஒழுகும் குழாயும் உடைந்த ஜன்னலும் மட்டும் முதல் நாளே வாங்கியவருக்குச் சொந்தம்.

எர்னஸ்டீன் ஆறு ஆண்டு கட்டினார். இடுப்பில் அறுவைச் சிகிச்சை நடந்தபோது ஒரு மாதம் தவறியது.

விற்ற டேல் ஹட்சின்ஸ் மறுவாரமே டொலிடோ நீதிமன்றத்துக்குப் போய்விட்டார். இந்த அம்மாள் வெறும் வாடகைக்காரர், காலி செய்ய உத்தரவிடுங்கள் என்று மனு.

ஒப்பந்தத்தின் தலைப்பில் 'வாடகை' என்றுதான் இருந்தது. உள்ளே முழுக்க விற்பனை. தலைக்கும் உடம்புக்கும் சம்பந்தமில்லாத பிராணி. கையெழுத்துப் போடும்போதே எர்னஸ்டீன் அதைக் கேட்டாராம். சும்மா பேருக்கு என்று ஹட்சின்ஸ் சிரித்தாராம்.

ஐந்து ஆண்டுக்கு மேல் தவணை கட்டியவரை எங்கள் ஒஹாயோ மாநிலச் சட்டப்படி வாடகைக்காரரைப் போலத் துரத்திவிட முடியாது. ஆகவே நாளைக் காலை நீதிபதி முடிவு செய்யவேண்டியது ஒன்றுதான்: இவர் குடியிருந்தவரா, வாங்கியவரா?

எர்னஸ்டீன் கைபேசியை அமுக்கினார். ஹட்சின்ஸின் குரல் கொட்டாவியோடு வந்தது.

"ஏம்மா, கூரை ஒழுகுதுன்னா எங்கிட்ட ஏன் சொல்ற? வீடு உன்னோடது. நீயே பாத்துக்க."

இப்படிப் பதினொரு குரல் பதிவுகள். ஹீட்டர் நின்றதற்கு ஒன்று, பரணில் ரக்கூன் புகுந்ததற்கு ஒன்று, கூரைக்கு மட்டும் நான்கு. முதலாவது, கையெழுத்துப் போட்ட மறுவாரமே வந்தது. வருடத்துக்கு வருடம் அலுப்பு கூடியது; 'வீடு உன்னோடது' மட்டும் மாறவே இல்லை.

சலவைக்கூடத்தில் வேலைக்கு நுழையும்போதுதான் எர்னஸ்டீன் புகார் சொல்லிவைப்பார். ஹட்சின்ஸ் திரும்ப அழைக்கும் நேரத்தில் கைபேசி பெட்டியில் பூட்டிக் கிடக்கும். அதனால் அவர் சொன்ன பதில் எல்லாமே கைபேசியில் குரலஞ்சலாகப் பதிவாகிவிட்டது.

என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. ஓர் ஆணி அடிக்கச் சோம்பல்பட்ட மனிதர் பதினொரு முறை வீட்டையே தூக்கிக் கொடுத்திருக்கிறார்.

பழுது பார்த்த ரசீதுகளையும் இணைத்துவிட்டால் வேலை முடிந்தது. கூரைக்கு ஆன ரசீதை முதலில் கேட்டேன்.

எர்னஸ்டீன் கைபேசியைக் கைப்பைக்குள் போட்டு மூடினார்.

"கூரையா? நல்ல கூரை, தம்பி. ஒரு நாள்கூட ஒழுகினதில்ல."