குடத்தின் கழுத்தில் அட்டிகை

குடத்தின் கழுத்துக்கு நான்தான் அட்டிகை கட்டவேண்டுமாம். நாத்தனார் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள்.

மஞ்சள் பூசிய பித்தளைக் குடம். மேலே தேங்காய். சுற்றிலும் அரக்கு நிறப் புதுப் புடவை.

இதுதான் இன்றைக்குத் தனக்கொடி.

தனக்கொடி என் வீட்டுக்காரரின் முதல் சம்சாரம். மகள் செல்வகுமாரிக்கு ஒரு வயது ஆகும் முன்பே மஞ்சள் குங்குமத்தோடு போய்ச் சேர்ந்தவள். அப்படிப் போனவளைப் பூவாடைக்காரி என்று கும்பிட்டுப் படையல் போடாமல் எங்கள் பாகூர்ப் பக்கம் கல்யாண வேலை தொடங்காது.

நாளை மறுநாள் செல்வகுமாரிக்குக் கல்யாணம். வளர்த்தது நான். படையல் பெற்றவளுக்கு.

இருபத்திரண்டு வருஷமாக இந்த அட்டிகை மேல் எனக்குக் கண். கழுத்தை ஒட்டிக் கிடக்கும் கெம்புக் கல் அட்டிகை, தனக்கொடியின் அம்மா காலத்து நகை. நடுவில் மாங்காய்ப் பதக்கம், பின்னால் கட்டிக்கொள்ளச் சிவப்புப் பட்டுக் கயிறு. நான் இந்த வீட்டுக்கு வந்தபோது மெல்லிய முறுக்குச் சங்கிலிதான் பேஷன். அட்டிகையெல்லாம் சுத்தக் கர்நாடகம் என்பார்கள். நானும் சொன்னேன். வயிறு எரிய எரியச் சொன்னேன்.

இப்போது அந்தக் கர்நாடகம்தான் பேஷனாம். ஜிமிக்கி, மாட்டல் எல்லாம் செட்டாக வேண்டும் என்று செல்வகுமாரி மதகடிப்பட்டில் அதே மாதிரி கவரிங் நகையை வாடகைக்கு எடுத்து வைத்திருக்கிறாள்.

என் தாலிக் கயிற்றிலும் தனக்கொடி பேருக்கு ஒரு பொட்டு கோத்திருக்கிறார்கள். இரண்டாந்தாரமாக வந்தவள் மூத்தாளைச் சுமந்தாக வேண்டும். சுமக்கிறேன். அட்டிகையை ஒரே ஒரு நாள் போட்டுக்கொள்ளட்டுமா என்று அவரிடம் கேட்கத்தான் இத்தனை வருஷமாக வாய் வரவில்லை.

பீரோவைத் திறந்தால் அவர் நகைப் பெட்டி பக்கம் கொஞ்ச நேரம் நிற்பார். பட்டாவைத் தேடுகிறேன் என்பார். நான் அடுப்பங்கரையில் பாத்திரத்தை டமாரென்று வைப்பேன். எந்தப் பட்டா என்று எனக்குத் தெரியாதா?

இன்றைக்குக் கேட்டுவிடுவது என்று காலையிலேயே முடிவு செய்திருந்தேன். மண்டபத்தில் பெண்ணுக்கு அம்மாவாக நிற்கப் போகிறவள் நான்தானே.

கயிற்றை முடிந்துகொண்டிருந்தபோது அவர் உள்ளே வந்தார். குடத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்த போட்டோவில், இதே அட்டிகையோடு தனக்கொடி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். குனிந்து பதக்கத்தைத் தொட்டுப் பார்த்தார். அழப்போகிறார் என்றே நினைத்தேன்.

"இன்னா இது, மதகடிப்பட்டுல வாடகைக்கு எடுத்தாந்த செட்டா? நல்லாத்தான் கீது. மண்டபத்துக்கு நீயே போட்டுக்கயேன்."

கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, வாழையிலை வந்துவிட்டதா என்று யாரிடமோ கேட்டபடி வெளியே போய்விட்டார்.

கேட்காமலே கிடைத்துவிட்டது.

சந்தோஷம் வரவில்லை. கோபம்தான் வந்தது. அது எனக்காக வந்த கோபம் இல்லை என்று தெரிந்தபோது என்ன செய்வதென்றே புரியவில்லை.

படையல் போட்டுக் கற்பூரம் காட்டியதும் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்கவேண்டும். அவள் வந்து சாப்பிட்டுப் போகவேண்டுமே.

எல்லோரையும் முன்னால் அனுப்பினேன். அட்டிகைக் கயிற்றில் இன்னொரு முடிச்சுப் போட்டு இறுக்கினேன். பிறகு, இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாக, அவளோடு பேசினேன்.

"மனசுல வச்சிக்காதக்கா. அவரு கண்ணாடி போடாம பாத்துட்டாரு."