மேப்பில் நிற்கிறவள்

ஞாயிற்றுக்கிழமை காலை, தேயிலைத் தோட்டத்துக் கீழ் லயத்து வீட்டு வாசலில் இளவெயில் விழுந்திருக்கிறது. சுதர்ஷினி ஜன்னலுக்கு வெளியே நின்று ஈரத்தலையைத் துவட்டுகிறாள். போன் கம்பிக்கு உள்ளே, ஜன்னல் விளிம்பில் இருக்கிறது. அங்கே வைத்தால்தான் சிக்னல் எடுக்கும் என்பதால் ஸ்பீக்கரில்தான் பேச்சு. நான் காய்ந்த துணியையே மறுபடியும் கொடியில் போடுகிறேன். "ஹல்துமுல்ல டவுன்ல யாரோட நிக்கிற? மேப்புல காட்டுது," என்கிறான் கொழும்பிலிருந்து அவள் புருஷன் தயாபரன். "இனிமே வாசலத் தாண்டக் கூடாது, சொல்லிட்டேன்."

பள்ளத்துக்கு அந்தப் பக்கம் தெரிகிற டவுன் டவரைத்தான் எங்கள் போன்கள் பிடிக்கின்றன. ஆள் லயத்தில் இருந்தாலும் மேப்பில் டவுனில் நிற்போம். புதிதாக வந்த பைபர் கேபிளும் துரை பங்களா கேட்டோடு நின்றுவிட்டது. எங்கள் லயத்து ஆட்டுக்குக்கூடத் தெரிந்த சங்கதி, இங்கேயே பிறந்து வளர்ந்த தயாபரனுக்கு மறந்துபோயிருக்கிறது. "நான் நம்ம வாசல்லதாங்க நிக்கிறேன். சந்தேகம்னா பக்கத்து வீட்டு அக்காவக் கேளுங்க, ஒட்டுக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க," என்கிறாள், என் பக்கம் திரும்பாமலே. நான் ஒரு சட்டையை உதறுகிறேன். "அப்ப போன் பொய் சொல்லுதா?" "இல்லங்க. அது சொல்ற எடத்துக்கே போறேன்."

பேச்சைத் துண்டித்துவிட்டு உள்ளே போனவள் மயில்கழுத்து நிறச் சேலையில் வெளியே வருகிறாள். கதவைப் பூட்டி, கைப்பையைத் தோளில் மாட்டுகிறாள். வளைவில் டவுன் பஸ் ஹாரன் அடிக்கிறது. அவள் ஓடவில்லை, நடக்கிறாள். ஜன்னல் விளிம்பில் போன் அடித்துக்கொண்டே கிடக்கிறது, மேப்பில் அவளுக்கு முன்பே டவுனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டு.